பூஜிவால் தோட்டத்தில் அப்பாவும் மகளும்: பெர்த் மொரிஸோவின் ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிஸோ 1881இல் வரைந்த 'பூஜிவால் தோட்டத்தில் யூஜின் மானேயும் மகளும்'. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், உயரம் 73 செ.மீ., அகலம் 92 செ.மீ. இப்போது பாரிஸில் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பூஜிவால், பாரிஸுக்கு மேற்கே சேன் நதிக்கரையில் இருக்கும் ஊர். 1881 முதல் 1884 வரை ஒவ்வொரு கோடையிலும் மொரிஸோ குடும்பம் அங்கே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியது. அந்த வீட்டுத் தோட்டத்தில் அவர் வரைந்து தள்ளிய படங்கள் பல. அவற்றில் இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு ஆண், அதுவும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்.

படத்தில் என்னதான் இருக்கிறது?

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தொப்பி போட்ட ஒருவர், மொரிஸோவின் கணவர் யூஜின், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் குழந்தையின் விளையாட்டுச் சாமான். மூன்று வயது நிரம்பாத மகள் ஜூலி அதிலேயே மூழ்கிப்போய்ப் பக்கத்தில் நிற்கிறாள். இருவரையும் சூழ்ந்து ஒரே பச்சை, நடுநடுவே பூக்களின் நிறங்கள்.

கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேறு கதை. இலை என்று நாம் நினைத்தது இலை வடிவத்திலேயே இல்லை. வேகமாக இழுத்துவிட்ட கோடுகள், கோணல்மாணலான தீற்றல்கள். ஒரு பச்சை மேல் இன்னொரு பச்சை, முதலில் பூசியது காய்வதற்குள் அடுத்தது. யூஜினின் கோட்டும் குழந்தையின் உடையும்கூட அதே வேகத்தில்தான் தீட்டப்பட்டிருக்கின்றன. செடிக்கு ஒரு முறை, மனிதருக்கு ஒரு முறை என்ற பாகுபாடு இல்லை. அவர் காலத்துச் சம்பிரதாய ஓவியர்கள் முகத்தை மட்டும் வழவழவென்று முடித்து, பின்னணியை அப்படியே விட்டுவிடுவார்கள். இங்கே எல்லாவற்றின் மேலும் ஒரே வெயில் விழுகிறது.

பெர்த் மொரிஸோ யார்?

1841இல் பூர்ஜ் நகரில் பிறந்தவர். அப்பா உயர் அரசு அதிகாரி. வசதியான குடும்பம், பாரிஸின் பாஸி பகுதியில் வளர்ந்தார். அந்தக் காலத்து மேல்தட்டுப் பெண்களுக்குப் பியானோவும் ஓவியமும் கற்றுக்கொடுப்பது வழக்கம். கல்யாணச் சந்தையில் கூடுதல் தகுதி, அவ்வளவுதான். பெர்த்தும் அக்கா எட்மாவும் அந்த எல்லையோடு நிற்கவில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டவர் அவர்களுடைய ஆசிரியர் ஜோசப் கிஷார். உங்கள் பெண்களின் சுபாவத்துக்கு என் பாடம் பொழுதுபோக்குத் திறமையோடு முடியாது, அவர்கள் ஓவியர்களாகவே ஆகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது புரட்சி, ஏறக்குறையப் பேரழிவு என்று அம்மாவை எச்சரித்தார். அம்மா பயப்படவில்லை. பாடம் தொடர்ந்தது. பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால் தனி ஆசிரியர்கள், லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைதல், பிறகு நிலக்காட்சி ஓவியர் கொரோவிடம் பயிற்சி என்று போனது. 1864இல் அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அப்போது அவருக்கு வயது 23.

எட்மா 1869இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து ஓவியத்தை விட்டுவிட்டார். அவரும் லேசுப்பட்டவரில்லை. தங்கைக்குச் சமமாக சலோனில் படம் வைத்தவர்.

இவர் எதுவார் மானேயின் மாணவிதானே?

இல்லை. அன்றைய பாரிஸின் பேர்பெற்ற ஓவியர் எதுவார் மானேயிடம் இவர் படித்தார் என்று இன்னும் பல இடங்களில் சொல்லப்படுகிறது. 1868இல் லூவ்ரில் இருவரும் அறிமுகமானபோது மொரிஸோ ஏற்கெனவே பத்து ஆண்டுகள் பயிற்சி பெற்றவர், சலோனில் படம் வைத்தவர். மானே அவரைப் பல முறை வரைந்தார். அந்தப் படங்கள் புகழ்பெற்றுவிட்டதால், விசிறியோடு உட்கார்ந்திருக்கும் அழகான மாடல் என்றே பலருக்கு இவர் பதிந்துபோனார்.

மானே 'உதவி' செய்த கதை ஒன்று உண்டு. 1870 சலோனுக்காக அம்மாவையும் எட்மாவையும் வைத்து மொரிஸோ ஒரு பெரிய படம் வரைந்திருந்தார். அனுப்ப வேண்டிய நாளில் மானே பார்க்க வந்தார். நன்றாக இருக்கிறது, உடையின் கீழ்ப்பகுதி மட்டும் சரியில்லை என்று சொல்லிப் பிரஷை எடுத்தார். கீழ்ப்பகுதியில் ஆரம்பித்தவர் மேலே போனார், தலைக்குப் போனார், பின்னணிக்குப் போனார். நடுநடுவே ஜோக் வேறு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் படம் அழகான ஒரு கேலிச்சித்திரம் ஆகிவிட்டது என்று மொரிஸோ நொந்துபோய் எட்மாவுக்கு எழுதினார். வண்டிக்காரர் வாசலில் காத்திருந்ததால் அதையே ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் படம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அம்மாவின் கறுப்பு உடையில் மானேயின் கை தெரியும்.

அப்புறம், பாதிப்பு ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. மானே 1870களில் வெளியில் உட்கார்ந்து வெளிர் நிறங்களில் வரையத் தொடங்கியதில் மொரிஸோவுக்கும் பங்குண்டு. நம் படத்தில் பெஞ்சில் இருக்கும் யூஜின், எதுவாரின் தம்பி. 1874 டிசம்பரில் மொரிஸோவை மணந்தவர்.

ஏன் எப்போது பார்த்தாலும் தோட்டம்?

"பெண் என்பதால் பூ, குழந்தை, தோட்டம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு இந்தப் பதிலில் சம்மதமில்லை.

அன்றைய பாரிஸில் அவருடைய சக ஓவியர் மோனே ரயில் நிலையத்தில் ஈசலை (கேன்வாஸைத் தாங்கும் நிலைச்சட்டத்தை) நிறுத்தலாம். இன்னொரு சக ஓவியர் தெகா நாடக அரங்கின் திரைக்குப் பின்னால் போகலாம். மானே மதுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மொரிஸோவின் வர்க்கத்துப் பெண் தனியாகத் தெருவில் நடந்தாலே பேச்சு வரும். லூவ்ரில் வரையும்போதுகூட அம்மா துணைக்கு உட்கார்ந்திருப்பார். நண்பர்கள் கூடிப் பேசிய கஃபேக்கு அவரால் போக முடியாது. கிரிசெல்டா போலாக் போன்ற கலை வரலாற்றாளர்கள் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார்கள்: அந்தக் காலத்து ஓவியத்தில் யார் எந்த இடத்தை வரைந்தார்கள் என்பது, யாருக்கு எந்த இடத்தில் நிற்க உரிமை இருந்தது என்பதோடு சேர்ந்தது.

வெளிச்சத்தை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பது, மொரிஸோவும் நண்பர்களும் சேர்ந்த ஓவிய இயக்கமான இம்ப்ரெஷனிசத்தின் அடிப்படை. அதற்கு வெளியே உட்கார வேண்டும். யாரும் வந்து வேடிக்கை பார்க்காமல், துணை தேடாமல், மணிக்கணக்கில் வெளியே உட்கார மொரிஸோவுக்குக் கிடைத்த இடம் தோட்டம். அது அவருடைய பட்டறை. மாடல்களும் அங்கேயே: கணவர், மகள், வீட்டில் வேலை செய்த பஸி. தோட்டத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும் பஸியை அவர் 1881இல் வரைந்த படம் பிரான்ஸின் போ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருடைய வெளிப்புறப் படங்களில் உழைப்பும் வரும். 1875இல் ஜென்விலியே சமவெளியில் துணி உலர்த்தும் பெண்களை வரைந்தார். வெறும் 33 செ.மீ. உயரம்தான். கொடியில் தொங்கும் ஒவ்வொரு துணியும் ஒரே ஒரு வெள்ளைத் தீற்றல்.

தோட்டத்தில் உட்கார்ந்து வரைவது சுகமான வேலையாகத்தானே இருக்கும்?

கேட்க நன்றாக இருக்கிறது. 1875இல் திருமணமான புதிதில் இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போன மொரிஸோ, வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் புலம்பித் தீர்த்திருக்கிறார். காற்று, ஆடும் படகுகள், கூடும் பிள்ளைகள். கணவரை உட்கார வைத்தால் அவர் பொறுமையில்லாத மாடல், சீக்கிரம் சலித்துவிடுகிறார் என்ற குறை வேறு. அந்தப் பயணத்தில் யூஜினை அவர் வரைந்த படமும் மார்மொத்தானில்தான் இருக்கிறது. அதில் யூஜின் வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிறார். தோட்டமும் துறைமுகமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

வெளியே போய் வரைய வழிசெய்த ஒரு பொருளையும் சொல்ல வேண்டும். வண்ணத்தை அடைத்து வைக்கும் தகர டியூப். அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் அதற்குக் காப்புரிமை பெற்றது 1841இல், மொரிஸோ பிறந்த அதே ஆண்டில். அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டி வைத்துக் குத்திப் பிதுக்குவார்கள். சீக்கிரம் காய்ந்துபோகும், வெடிக்கும். டியூப் வந்த பிறகு பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றாயிற்று.

படம் பாதியில் நிறுத்தியதுபோல இருக்கிறதே, முடிக்கவில்லையா?

அன்றும் இதே கேள்விதான். சலோனுக்குப் போகிற படம் வழவழப்பாக இருக்க வேண்டும், பிரஷ் போன தடமே தெரியக்கூடாது என்பது அன்றைய மரபு. மொரிஸோ தடத்தை அப்படியே விட்டார். ஓரங்களில் கேன்வாஸ் தெரிந்தாலும் கவலைப்படவில்லை. இம்ப்ரெஷனிஸ்டுகள் அனைவரும் ஓரளவு இதைச் செய்தார்கள், இவர் போன தூரம் அதிகம். 1877 கண்காட்சியைப் பார்த்த விமர்சகர் போல் மான்ட்ஸ், இந்தக் கூட்டத்தில் உண்மையான இம்ப்ரெஷனிஸ்ட் ஒருவர்தான், அது பெர்த் மொரிஸோ என்று எழுதினார்.

ஏன் இப்படி? வெயில் நிற்பதில்லை. மரத்தடியில் விழும் ஒளி அரை மணியில் இடம் மாறிவிடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையும் நிற்பதில்லை! ஜூலியை வைத்துக்கொண்டு நிதானமாக நகம் வரைந்துகொண்டிருக்க முடியாது. எனவே எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கை அங்கேயே முடிவெடுக்க வேண்டும். குழந்தை குனிந்திருக்கும் சாய்வு, தொப்பி விளிம்பின் நிழல், மடியில் இருப்பதை நோக்கிப் போகும் பார்வை இவை போதும் என்று மொரிஸோ நினைத்தார். பொத்தான் எண்ணிக்கை தேவைப்படவில்லை.

முடிக்கத் தெரியாமல் விட்டார் என்று நினைப்பவர்கள் 1891இல் மெஸி என்ற ஊரில் அவர் தொடங்கிய 'செர்ரி மரம்' படத்தைப் பார்க்கலாம். ஏணியில் நின்று பழம் பறிக்கும் பெண், கீழே கூடை பிடிக்கும் பெண். இந்த ஒரு படத்துக்குப் பென்சில், பாஸ்டல், வாட்டர்கலர் என்று முன்னோட்டப் படங்கள் வரிசையாக இருக்கின்றன. கணவர் நோயில் படுத்திருந்த காலத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து எடுத்த படம் அது. அவருக்கு நிதானமும் தெரியும், வேகமும் தெரியும். பூஜிவாலில் அவருக்கு வேகம் தேவைப்பட்டது.

இது ஒரு குடும்பப் படம்தானே, இதில் புதுமை என்ன?

அம்மாவும் குழந்தையும் சேர்ந்த படங்கள் ஐரோப்பிய ஓவியத்தில் கணக்கிலடங்காது. மாதா ஏசுவை ஏந்திய காலத்திலிருந்து வருகிற மரபு. அப்பா குழந்தையோடு விளையாடும் படம் அபூர்வம். 1880களின் பிரெஞ்சுக் கனவான் ஓவியத்தில் வந்தால் மேசைக்குப் பின்னால், புத்தகத்தோடு, அல்லது மார்பில் பதக்கத்தோடு வருவார்.

இங்கே அவர் வேலை, மடியை ஆடாமல் வைத்திருப்பது. அம்மா எங்கே? ஈசலுக்குப் பின்னால், வேலை செய்துகொண்டிருக்கிறார். படம் இருப்பதே அதற்குச் சாட்சி.

1879இல் இதே எண்ணத்தை இன்னொரு படத்தில் தொட்டார். சம்பளத்துக்கு வந்த தாதி தோட்டத்தில் உட்கார்ந்து ஜூலிக்குப் பால் கொடுக்கிறார். பார்த்தால் வழக்கமான தாய்-சேய் படம். பால் கொடுப்பவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறார், எதிரே வரைபவரும் விற்கிற பொருளைத்தான் செய்கிறார். கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு அந்தப் படத்தைப் பழைய கண்ணோடு பார்ப்பது கஷ்டம்.

யூஜின் வெறும் மாடல் மட்டும் இல்லை. 1882இல் ஏழாவது இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியின்போது மொரிஸோ ஜூலியோடு நீஸ் நகரில் இருந்தார். பாரிஸுக்கு வந்து படங்களைத் தேர்ந்தெடுத்து, சட்டம் போட்டு, மாட்டி, எந்தப் படம் எங்கே தொங்குகிறது என்று கடிதம் எழுதியவர் யூஜின். அவருக்கென்று பெரிய தொழில் எதுவும் அமையவில்லை. மனைவியின் தொழிலைத் தன் தொழிலாக எடுத்துக்கொண்டவர் என்று சொன்னால் மிகையாகாது.

இம்ப்ரெஷனிஸ்ட் குழுவில் வேறு பெண்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். 1874இல் புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் நடந்த முதல் கண்காட்சியில் மொரிஸோ மட்டும்தான் பெண். பிறகு அமெரிக்கரான மேரி கஸாட் சேர்ந்தார். 1880இல் அவர் மார்லி தோட்டத்தில் பின்னல் போட்டுக்கொண்டிருக்கும் தன் அக்கா லிடியாவை வரைந்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கஸாட்டின் தோட்டத்தில் லிடியா கெட்டியாக, தெளிவான கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். மொரிஸோவின் மனிதர்கள் பச்சைக்குள் பாதி கரைந்துவிடுவார்கள்.

மரி பிரக்மோன் கதை வருத்தமானது. அதே 1880இல் 'செவ்ரின் மாடித்தளத்தில்' என்ற அருமையான படத்தை வரைந்தவர். கணவர் ஃபெலிக்ஸ் பேர்பெற்ற செதுக்கோவியர். மனைவி இம்ப்ரெஷனிஸ்டுகள் பக்கம் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஓயாத உரசல். 1890 வாக்கில் மரி ஏறக்குறைய வரைவதையே நிறுத்திவிட்டார். அதன் பிறகு கால் நூற்றாண்டு வாழ்ந்தார். யூஜின் மடியை ஆடாமல் வைத்திருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைப் படித்தால் புரியும்.

அப்போது பத்திரிகைகள் என்ன சொல்லின?

1876இல் 'லெ ஃபிகரோ'வில் ஆல்பர்ட் வோல்ஃப், ஐந்தாறு பைத்தியங்கள் சேர்ந்து கண்காட்சி வைத்திருக்கின்றன, அதில் ஒன்று பெண் என்று எழுதினார். யூஜின் கொதித்துப்போய் அவரைச் சண்டைக்கே அழைக்கக் கிளம்பினார், நண்பர்கள் பிடித்து நிறுத்தினார்கள். பாராட்டியவர்களும் "பெண்மையின் நளினம்" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். எனக்கு என்னவோ அந்தப் பாராட்டு வசவைவிட அதிகக் கெடுதல் செய்தது என்றுதான் தோன்றுகிறது. வசவை எல்லோரும் மறந்துவிட்டார்கள், நளினம் நூறு ஆண்டுகள் ஒட்டிக்கொண்டது.

மொத்தம் நடந்த எட்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் ஏழில் மொரிஸோ கலந்துகொண்டார். விட்டது 1879இல் மட்டும், ஜூலி பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. குழுவின் புகழ்பெற்ற ஓவியர்களான மோனே, ரெனுவா இருவரும் கலந்துகொண்டதைவிட இது அதிகம்.

அவருடைய படங்கள் விற்றனவா? இப்போது என்ன விலை?

1875 மார்ச்சில் இம்ப்ரெஷனிஸ்டுகள் பாரிஸில் ஓர் ஏலம் நடத்தினார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. அன்று அதிக விலைக்குப் போனது மொரிஸோவின் படம், 480 ஃபிராங்க். பூஜிவால் படம் வரைந்த அதே 1881இல் அவர் வரைந்த 'மதிய உணவுக்குப் பின்' 2013இல் லண்டன் ஏலத்தில் ஏறக்குறைய 70 லட்சம் பவுண்டுக்கு விற்றது. ஒரு பெண் ஓவியரின் படத்துக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த விலைகளில் அதுவே உச்சம். அடுத்த ஆண்டே அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபின் மலர் ஓவியம் அதைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு சாதித்தவர் பெயர் ஏன் மோனே, ரெனுவா அளவுக்குத் தெரியவில்லை?

காரணங்கள் பல. 1895 மார்ச்சில், காய்ச்சலில் இருந்த ஜூலியைக் கவனித்துக்கொண்டிருந்தவருக்குத் தொற்றி, நிமோனியாவில் இறந்தபோது வயது 54. மோனே அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து வரைந்தார். மொரிஸோவின் இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் 'தொழில் இல்லை' என்று எழுதினார்கள். பாஸி கல்லறையில் யூஜின் மானேயின் விதவை என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது.

நண்பர்கள் மறக்கவில்லை. மறு ஆண்டே தெகா, மோனே, ரெனுவா, கவிஞர் மலார்மே நால்வரும் சேர்ந்து அவருடைய ஏறக்குறைய நானூறு படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். அதற்கு மேல் படங்களில் பெரும்பகுதி குடும்பத்தின் கையிலேயே தங்கிவிட்டது. சந்தையில் சுற்றாத படத்துக்கு விளம்பரம் கிடையாது.

அவருக்குத் தன் மதிப்பு தெரியாமல் இல்லை. ஒரு பெண்ணைத் தனக்குச் சமமாக நடத்திய ஆண் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை, நான் கேட்பது அது ஒன்றைத்தான், அவர்களுக்கு நான் குறைந்தவளில்லை என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் 1890இல் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

படத்தை எங்கே பார்க்கலாம்? நேரில் போக முடியாதவர்கள் என்ன செய்வது?

மார்மொத்தான் மோனே அருங்காட்சியகம் பாரிஸின் 16ஆம் வட்டாரத்தில் இருக்கிறது, மெட்ரோவில் லா ம்யுயெத் நிறுத்தம். திங்கள்கிழமை விடுமுறை. ஜூலியின் மகன் தெனி ருவார், அவர் மனைவி ஆனி ஆகியோரின் குடும்பச் சேகரிப்பு அங்கே வந்து சேர்ந்ததால் மொரிஸோவுக்கு அதைவிடப் பெரிய பொதுச் சேகரிப்பு வேறெங்கும் இல்லை. படங்கள் வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போய்வரும் என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

மற்ற தோட்டப் படங்களில், பூஜிவாலில் 1882இல் வரைந்தது ஒன்று வேல்ஸின் கார்டிஃபில் இருக்கிறது. ஹாலிஹாக் செடிகளுக்கு நடுவே குழந்தை நிற்கும் 1881 படம் ஜெர்மனியின் கொலோன் நகரில்.

இணையத்தில் பார்ப்பவர்கள் பெரிய அளவுப் படமாகத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சின்னதாகப் பார்த்தால் அழகான பச்சை வாழ்த்து அட்டை மாதிரிதான் தெரியும். பெரிதாக்கி, முதலில் முகங்களை விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து ஆரம்பியுங்கள். பிரஷ் எந்தத் திசையில் போயிருக்கிறது, எங்கே அழுத்தியிருக்கிறது, எங்கே வண்ணம் தீர்ந்து துணியின் இழை தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே பெஞ்சுக்கு வாருங்கள். நிறம் மட்டும் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்தில் இருப்பதை நம்பலாம்.